வடிதுணியில் தங்கியது

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் சேத்தியாத்தோப்பில் ஆற்றிய உரை)



இம்மேடையில் எனக்கு இலக்கியத் தலைப்புத் தருவதே வழக்கம். சிந்தாமணி, சூளாமணி, நீலகேசி என ஆண்டுக்கு ஒன்றாகப் பேசி வந்திருக்கிறேன். இவ்வாண்டு நானே கேட்டுப் பெற்ற தலைப்பு நீர் வடித்தல். தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நினைக்கட்டும்.

காரணம் இரண்டு. நம் உணவுக்கூடத்துக்கும் தண்ணீர்ப்பந்தலுக்கும் ஆர்.ஓ. இயந்திரம் ஒன்று வாங்கித்தர அன்பர் ஒருவர் முன்வந்திருக்கிறார். நல்ல மனம், அவரை வணங்குகிறேன். குழு அதைப் பற்றி முடிவெடுக்க இருக்கிறது. மற்றொரு காரணம் என் பேத்தி. பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். எங்கள் வீட்டில் ஆர்.ஓ. வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அதன் குழாய் வாயிலும் நான் வெள்ளைத் துணியைக் கட்டி வைத்திருப்பேன். ஒருநாள் அவள் கேட்டாள்: "தாத்தா, அந்த இயந்திரம் துணியைவிட எவ்வளவோ நுட்பமாக வடிக்கிறதே, அப்புறம் துணி எதற்கு?" முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் நான். விடை தெரியாதபோது "நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லும் தந்திரம் நன்றாகத் தெரியும். அதையே சொன்னேன். அந்த நாளை வருவதற்கு நான்கு மாதங்கள் ஆயின.

முதலில் துணியைப் பற்றிச் சொல்லவேண்டும். இங்குள்ள இளையோர் பலர் கிணற்றடியில் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். செஞ்சிப் பக்கத்துச் சிற்றூரில் என் தாயார் விடியற்காலையில் கிணற்றடிக்குப் போகும்போது செப்புக்குடத்தோடு கெட்டியான பருத்தித் துணி ஒன்றையும் எடுத்துப் போவார். அதை இரண்டாக மடித்துக் குடத்தின் வாயில் தளர்வாகப் போட்டு, இறைத்த நீரை மெல்ல ஊற்றுவார். நாம் எல்லோரும் அறிந்தது இவ்வளவே. அறியாததும் மறந்ததும் இதற்குப் பிறகு நடப்பது. குடம் நிறைந்ததும் துணியைப் பிழியமாட்டார். பிழிந்தால் அதில் ஒட்டியிருக்கும் சிற்றுயிர்கள் மாயும். துணியை மறுபக்கமாகத் திருப்பி, முன்பே வடித்து வைத்த நீரை அதன்மேல் ஊற்றி, தங்கியவற்றை ஒரு சிறு செம்பில் சேர்ப்பார். அந்தச் செம்பைக் கயிற்றில் கட்டி அதே கிணற்றில் நீர்மட்டம் வரை இறக்கி, அங்கே மெல்லக் கவிழ்ப்பார். ஏழெட்டு வயதில் ஒருநாள் நான் அந்தச் செம்பை வாங்கிக் கிணற்றுச் சுவரின் மேலிருந்தே விசிறி ஊற்றிவிட்டேன். அவர் அடிக்கவில்லை. "உன்னை இங்கிருந்து தூக்கிப் போட்டால் வலிக்காதா?" என்று கேட்டுவிட்டுக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அப்படி வடித்த நீரும் ஒரு முகூர்த்தத்துக்கே, அதாவது 48 நிமிடங்களுக்கே, வடித்த நீராகக் கருதப்படும். பிறகு மீண்டும் வடிக்கவேண்டும். ஆக, நீர் வடித்தல் என்னும் ஒழுக்கத்துக்கு இரண்டு பாதிகள் உண்டு. நமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வது முற்பாதி. துணியில் தங்கியதை அதன் இருப்பிடத்தில் சேர்ப்பது பிற்பாதி.

துணி வடித்தல் உடல்நலத்துக்கும் உதவும் என்பதை இன்றைய அறிவியல் அளந்தே காட்டியிருக்கிறது. அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல் அம்மையாரும் அவருடைய குழுவினரும் வங்கதேசத்தின் மத்லப் பகுதிச் சிற்றூர்களில் பழஞ்சேலையை நான்கு முதல் எட்டு மடிப்பாக மடித்து நீரை வடிக்கும்படி பெண்களைப் பழக்கினர். வாந்திபேதிக் கிருமி நீரில் வாழும் நுண்ணிய ஓட்டுயிரிகளின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். ஓட்டுயிரி துணியில் நின்றால் அதன்மேல் ஒட்டிய கிருமியும் நின்றுவிடும். 2003இல் வெளிவந்த முடிவின்படி, சேலையால் வடித்த ஊர்களில் அந்நோய் 48 விழுக்காடு குறைந்தது. புதுச்சேலையைவிடப் பல முறை துவைத்த பழஞ்சேலையே மேல் என்றும் கண்டார்கள். துவைக்கத் துவைக்க நூல் பிசிராகி இடைவெளி சுருங்கும். இதைப் படித்தபோது மகிழ்ந்தேன். ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. நம் முன்னோர் நோய்க்கு அஞ்சி வடிக்கவில்லை. நீர் நம்மைக் கெடுக்கும் என்பதற்காக அன்று, நாம் நீரில் உள்ளவற்றைக் கெடுப்போம் என்பதற்காகவே வடித்தார்கள்.

இங்கே பவணந்தி முனிவரை நினைக்காமல் என்னால் மேலே போக முடியாது. நன்னூல் செய்த அம்முனிவர் நம்மவர். மாணாக்கர் வகையைச் சொல்லும்போது தலைமாணாக்கனுக்கு அன்னத்தை உவமை கூறுவார். பாலும் நீரும் கலந்த கலவையிலிருந்து பாலை மட்டும் பிரித்துக் கொள்வது அன்னம். கடைமாணாக்கனுக்குக் கூறும் உவமைகளுள் ஒன்று நெய்யரி, அதாவது நெய் வடிக்கும் பன்னாடை. அது நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதை எத்தனையோ முறை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். இந்த நான்கு மாதங்களில்தான் ஒன்று தோன்றியது: அன்னமும் நெய்யரியும் செய்வது ஒரே வேலைதான். இரண்டும் கலவையைப் பிரிக்கின்றன. எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பதுதான் வேறுபாடு. நெய்க்கிண்ணத்தின் பக்கம் நிற்பவனுக்கு நெய்யரியும் நல்லதே.

இனி இயந்திரத்துக்குள் இருப்பது என்ன என்று பார்ப்போம். மடித்த பழஞ்சேலையின் துளை ஏறத்தாழ 20 மைக்ரான் என்கிறார்கள். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிரின் பருமன் 70 மைக்ரான் அளவு. அடுத்த படி சுட்ட மண். பக்கத்து விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளும் மின் ஃபியூஸ் கட்டைகளும் செய்யும் பட்டறைகளைப் பார்த்திருப்பீர்கள். மெருகு பூசாத சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய உண்டு. மண்பானை கசிந்து குளிர்வது அதனால்தான். நீர் வடிகலத்துக்குள் வெள்ளை மெழுகுவத்திபோல் நிற்குமே, அந்தப் பீங்கான் வடிகுழலின் துளை ஒரு மைக்ரான் அளவினது, அல்லது அதனினும் சிறிது. பெரும்பாலான பாக்டீரியாக்கள் அதில் நின்றுவிடும். ஆனால் உப்பு நிற்காது. உப்பு நீரில் கரைந்து, நீரின் துகளோடு துகளாகக் கலந்துவிட்டது. அதைப் பிரிக்க, மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்காகிய நானோமீட்டர் அளவுக்கு இறங்கவேண்டும். இரண்டு நானோமீட்டருக்கும் குறைந்த துளையை வேதியியலார் நுண்துளை என்பர். அந்தச் சேலையின் துளையில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அது.

அங்கே வடித்தல் என்னும் சொல்லே சற்றுப் பொருந்தாமல் போகிறது. பாடநூலார் 'சவ்வூடு பரவல்' என்று ஆக்கினார்கள், நல்ல சொல்லாக்கம். உலர்திராட்சையை நீரிலிட்டால் அது பருக்கிறது. நாரத்தங்காயை உப்பில் பிசறி வைத்தால் அது நீர் விடுகிறது. இரண்டிலும் நீர் ஒரு மெல்லிய தோலைக் கடந்து, கரைபொருள் அடர்ந்த பக்கத்துக்கே செல்கிறது. இது இயற்கையின் வழி. உப்பு மிகுந்த பக்கத்தில் அழுத்தம் கொடுத்து நீரை எதிர்ப்பக்கம் தள்ளினால் அது எதிர்ச்சவ்வூடு பரவல், ஆர்.ஓ. என்பது அதுவே. கடல்நீரில் இயற்கையின் வழியைத் தடுத்து நிறுத்தவே காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 27 மடங்கு அழுத்தம் வேண்டும். நடைமுறையில் 55 முதல் 70 மடங்கு வரை கொடுக்கிறார்கள்.

இதை ஆய்வுக்கூட விளையாட்டு என்ற நிலையிலிருந்து மாற்றிப் பயனுக்குக் கொண்டுவந்தவர் இருவர். ஒருவர் சிட்னி லோப். மற்றவர் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன். பெயரைக் கேட்டாலே நம் பக்கத்து வாசனை வீசுகிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் இருவரும் ஒரு சவ்வை உருவாக்கினர். அதற்கு முன்னிருந்த சவ்வுகளும் உப்பைத் தடுத்தன. ஆனால் நீர் சொட்டுச் சொட்டாகவே வந்தது. இவர்கள் செய்த சவ்வின் ஒரு முகத்தில் மட்டும் மிக மெல்லிய அடர்ந்த தோல். அதன் கீழே தாங்கிப் பிடிக்கக் கடற்பஞ்சுபோல் துளைமிக்க அடுக்கு. தோல் மெலிந்ததால் நீர் விரைந்து வந்தது. எந்த முகம் உப்புநீரைப் பார்க்கவேண்டும் என்பதும் அதனால் முக்கியமாயிற்று. 1965இல் கலிபோர்னியாவின் கோலிங்கா என்னும் சிற்றூர் இம்முறையில் குடிநீர் பெற்றது. சௌரிராஜன் பின்னாளில் கனடா நாட்டு தேசிய ஆய்வு மன்றத்தில் நெடுங்காலம் பணியாற்றினார்.

அந்த முதற்சவ்வு எதனால் ஆனது தெரியுமா? செல்லுலோஸ் அசிட்டேட். செல்லுலோஸ் என்பது பருத்தியிலும் மரத்திலும் உள்ள நார்ப்பொருள். என் தாயாரின் வடிதுணியும் கோலிங்காவின் சவ்வும் ஒரே குலம். இதைச் சொன்னபோது என் பேத்தியே சற்று அசைந்தாள்.

நமக்கு இதில் பெருமைப்பட ஓர் இடம் உண்டென்றால் அது தீயைப் பற்றியது. நீரை உடம்பாகக் கொண்ட உயிர்கள் இருப்பதுபோலத் தீயை உடம்பாகக் கொண்ட ஓரறிவுயிர்களும் உண்டு என்பது நம் கொள்கை. அடுப்பு மூட்டுவதும் அணைப்பதும் கூட எண்ணிச் செய்யவேண்டிய செயல்கள். மனிதன் கலவையைப் பிரிக்க அறிந்த பழைய பெருவழியோ தீதான். காய்ச்சு, ஆவியாக்கு, குளிரவை. ஒரு லிட்டர் நீரை 30 பாகை வெப்பத்திலிருந்து 100 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 290 கிலோஜூல் போதும். அங்கே கொதித்து நிற்கும் நீரை முழுதும் ஆவியாக்க 2,257 கிலோஜூல் வேண்டும்! சமையலறையில் நிற்பவர்களுக்கு இது தெரியும். உலை கொதிக்க ஆகும் நேரத்தைவிட உலைநீர் வற்ற ஆகும் நேரம் மிக நீளம். மின்கணக்கில் சொன்னால், ஆயிரம் லிட்டரை இவ்வாறு காய்ச்சி ஆவியாக்க ஏறத்தாழ 700 யூனிட். கடல்நீரைச் சவ்வின் வழியே பிரிக்க ஆயிரம் லிட்டருக்கு மூன்று அல்லது நான்கு யூனிட் ஆகிறது. மின்சாரமும் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிந்து வருவதுதானே என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம் செலவு என்று வைத்துக்கொண்டாலும் வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. ஆலைகளில் ஆவியின் வெப்பத்தையே பல படிகளில் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்கள். அப்போதும் சவ்வே சிக்கனம்.

இரண்டையும் ஒரே வளாகத்தில் காண விரும்புவோர் கல்பாக்கம் போகலாம். அங்குள்ள அணுசக்தித் துறையின் கடல்நீர் நன்னீராக்கும் நிலையத்தில் ஆவியாக்கும் பகுதி நாளொன்றுக்கு 4,500 கனமீட்டரும் சவ்வுப் பகுதி 1,800 கனமீட்டரும் நீர் தருமாறு அமைக்கப்பட்டன. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் பின்னர் வந்த பெரிய நிலையங்கள் சவ்வையே கொண்டன. நெம்மேலியில் 2013இல் தொடங்கியது நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர்த் திறனுடையது. நம் சேத்தியாத்தோப்பிலிருந்து 2004 முதல் குழாய் வழியே போகும் வீராணத்து நீரும் அந்தக் கடல்நீரும் சென்னையில் ஒரே நகரத்தின் தாகத்தைத் தீர்க்கின்றன.

பிரிக்கவேண்டியது உப்புநீர் மட்டுமன்று. இவ்வூரில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருப்பதால் கரும்பு உங்களுக்குப் புதிதன்று. கரும்பின் கழிவுப்பாகிலிருந்து எத்தனால் எடுக்கலாம். கள்ளை விலக்கிய நமக்கு இந்தப் பேச்சு எதற்கு என்று முகம் சுளிக்க வேண்டாம். நாம் வந்த வண்டியின் பெட்ரோலில் அதுவே கலந்திருக்கிறது. புளிக்கவைத்த நீரில் பத்தில் ஒரு பங்கோ அதற்குச் சற்றுக் குறைவாகவோதான் எத்தனால் இருக்கும். காய்ச்சி வடித்தால் எடைக்கணக்கில் 95.6 விழுக்காடு வரை கொண்டுவரலாம். அந்த எல்லையில் கலவையும் ஆவியும் ஒரே விகிதத்தில் நின்றுவிடும். எவ்வளவு தீ எரித்தாலும் சாதாரணக் காய்ச்சலால் மேலே போகாது. எஞ்சிய நீரை மட்டும் உறிஞ்சிக் கடத்தும் சவ்வு அந்த முடிச்சை அவிழ்க்கிறது. 1980களிலிருந்தே இது ஆலைகளில் நடக்கிறது. மணலியிலுள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் கச்சா எண்ணெயை 350 பாகை அளவுக்குச் சூடாக்கித்தான் பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் என்று பிரிக்கிறார்கள். உலகின் எல்லாச் சுத்திகரிப்பு ஆலைகளிலும் அப்படியே. காய்ச்சிப் பிரித்தல் முதலிய இத்தகைய வேலைகளுக்கே உலகின் மொத்த ஆற்றலில் 10 முதல் 15 விழுக்காடு செலவாகிறது என்று 2016இல் அமெரிக்க வேதிப்பொறியாளர் இருவர் கணக்குக் காட்டினர். எத்தனை கோடி அடுப்புகள் என்று எண்ணிப் பாருங்கள்.

எண்ணெயைப் பிரிக்கப் பழைய சவ்வு உதவாது. பல சவ்வுகள் எண்ணெயில் ஊறிப் பருத்துத் துளை குலைந்துபோகும். இதற்காகத்தான் புதுவகை நுண்துளைப் பாலிமர்களைத் தேடுகிறார்கள். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் பீட்டர் பட், நீல் மக்கியோன் ஆகியோர் 2004இல் ஒரு வழி காட்டினர். கடலூர்ப் பக்கத்தில் சவுக்குக் கழிகளை வண்டியில் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். நேரான கழிகள் நெருங்கிப் படிந்துவிடும். இடையில் விரல்கூட நுழையாது. சீமைக்கருவேல முட்களை ஏற்றிப் பாருங்கள். கோணலும் முறுக்குமான கிளைகள் எப்படி அழுத்தினாலும் படியா. வண்டியில் பாதி காற்றாகவே இருக்கும். அவர்கள் செய்தது கருவேல முள்போன்ற பாலிமர்: இடையிடையே வளைந்து திருகிய கட்டமைப்பு, எளிதில் மடங்காத விறைப்பு. படிய முடியாத அந்த இழைகளின் இடைவெளிகளே நுண்துளைகளாகின்றன. துளை போடத் தனியே கருவி வேண்டாம். இழையின் கோணலே துளை. இக்கருத்தின் வழிவந்த திருகு பாலிமர் ஒன்றைக் கொண்டு ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தாரும் லண்டன் இம்பீரியல் கல்லூரியாரும் எக்ஸான்மொபில் நிறுவனத்தாரும் கச்சா எண்ணெயைக் கொதிக்கவைக்காமலே இலேசான பகுதி, கனமான பகுதி என்று பிரித்துக் காட்டி 2020இல் வெளியிட்டனர். இன்னும் அது ஆலைக்கு வரவில்லை. இவ்வகைப் பாலிமர்களுக்கு முதுமையும் வரும். நாள் செல்லச் செல்ல இழைகள் சற்றே தளர்ந்து படிந்து, துளைகள் சுருங்கிவிடும். எனக்கு மூட்டில் நடப்பது அதற்குத் துளையில் நடக்கிறது.

இதுவரை சவ்வைப் புகழ்ந்தேன். இனி அதன் பிற்பாதிக்கு வருகிறேன்.

சவ்வு எதையும் அழிப்பதில்லை. பிரித்த உப்பு முழுதும் மறுபக்கத்தில் இருக்கிறது. வீட்டு இயந்திரத்தில் ஒரு குடம் குடிநீருக்கு இரண்டு மூன்று குடம் வீணாகப் போகிறது என்று எல்லோரும் குறைகூறுகிறோம். நான்கு குடம் உள்ளே போய் ஒன்று நல்ல நீராக வந்தால், நான்கு குடத்து உப்பு மூன்று குடத்தில் இருக்கும். முன்னிருந்ததைவிட மூன்றில் ஒரு பங்கே கூடுதல் கரிப்பு. வீணாக்கக் கூடாது என்று நான்கில் மூன்றை நல்ல நீராக எடுத்தால், எஞ்சிய ஒரு குடத்தில் நான்கு குடத்து உப்பு. நீரை மிச்சப்படுத்தப் படுத்த மிச்சம் கொடியதாகிறது. இதற்குத் தப்பும் வழி கணக்கில் இல்லை.

திருப்பூரை நினையுங்கள். சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, பாசன நிலங்களைக் கெடுத்தது. 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்ற ஆணையால் எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்பது நிபந்தனை. இன்று அங்குள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சாயநீரைச் சவ்வின் வழியே செலுத்திப் பெரும்பகுதியை மீண்டும் பயன்படுத்துகின்றன. போற்றத்தக்க பணி. சவ்வு ஒதுக்கிய அடர்ந்த உப்புநீரை என்ன செய்வது? அதைக் கொதிகலன் ஆவியால் வற்றவைக்கிறார்கள். அதாவது, முன்வாயில் வழியே வெளியேற்றிய தீ பின்வாயில் வழியே உள்ளே வந்துவிட்டது. வற்றிய பின் எஞ்சும் கலப்பு உப்பு மூட்டைகளாகக் கிடக்கிறது. கடலோர நிலையங்கள் எடுத்த கடலிலேயே எஞ்சியதை விடுகின்றன. எடுத்த இடத்தில் சேர்த்தல் என்ற நம் விதிபோலவே தோன்றும். ஆனால் எடுத்ததைவிடக் கரித்த நீராகச் சேர்க்கிறார்கள். என் தாயார் செம்பை மெல்ல இறக்கியதையும் நான் மேலிருந்து விசிறியதையும் நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். இயந்திரத்தில் தடுக்கப்படும் நுண்ணுயிர்கள் எங்கும் திரும்புவதில்லை. பல சவ்வின் மேலேயே மாய்கின்றன; புற ஊதா விளக்கு பொருத்தியிருந்தால் அது கொல்வதற்காகவே பொருத்தப்பட்டது. ஆகவே பேத்திக்கு முதலில் இப்படிச் சொல்லலாம் என்று எழுதி வைத்தேன்: இயந்திரம் முற்பாதியைத் துணியைவிட ஆயிரம் மடங்கு நன்றாகச் செய்கிறது, பிற்பாதியை அது செய்வதே இல்லை, ஆகையால் துணியே உயர்ந்தது.

எழுதியதை அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "துணியில் தங்கினதை நீங்கள் எங்கே விடுகிறீர்கள், தாத்தா?" என்று கேட்டாள்.

அவையோரே, நான் அதைக் கழுவுதொட்டியில் உதறுகிறேன். எத்தனை ஆண்டுகளாக என்று எனக்கே நினைவில்லை. கிணற்றைவிட்டுக் குழாய்க்கு மாறிய அன்றே பிற்பாதி போய்விட்டது. குழாயில் வரும் நீர் எந்தக் கிணற்றினுடையது, எந்த ஆழத்தினுடையது என்று நான் கேட்டதில்லை. ஆர்.ஓ. வந்து கெடுத்தது என்று சொல்வது எனக்கு வசதியாக இருந்தது. இங்கே எத்தனை பேர் வீட்டில் வடிதுணி இருக்கிறது என்று கேட்டால் பல கைகள் உயரும். அதில் தங்கியதை நீர்நிலையில் சேர்ப்பவர் யார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் கையே உயராது.

ஆகவே குழுவுக்கு என் கருத்தைக் கடிதமாகக் கொடுத்திருக்கிறேன், இங்கும் சொல்லிவிடுகிறேன். வேதியியல் ஆசிரியராக இருந்த நண்பரிடம் கரைபொருள் அளக்கும் சிறு கருவியை இரவல் வாங்கி இக்கூடத்து நீரைப் பார்த்தேன். இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைபொருள் ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காவிட்டால் 2,000 வரை பொறுக்கலாம். கரைபொருள் 500க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ. இயந்திரமே வேண்டாம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் 2019இல் கூறியது. நம் முன்புறக் குழாய்நீர் அந்த எல்லைக்குக் கீழே நின்றது. பின்புறக் கிணற்று நீர் எல்லையைத் தாண்டியது. குடிக்கக் குழாய்நீரே போதும் என்றால் சவ்வு இங்கே தேவையில்லை. வடிதுணியும் பீங்கான் வடிகுழலும் போதும், ஐயமிருந்தால் காய்ச்சலாம். கோடையில் குழாய் வறண்டு கிணற்றையே நம்பவேண்டிவரும் என்று செயலாளர் சொல்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அப்படியானால் அன்பர் தரும் இயந்திரத்தை வாங்குவோம். வாங்கும் நாளிலேயே அதன் கழிவுக்குழாய் எங்கே போகிறது என்பதையும் எழுதிவைப்போம். பாத்திரம் கழுவவும் கழிப்பறைக்கும் முற்றம் கழுவவும் அந்நீர் ஆகும். தென்னைக்கோ பூச்செடிக்கோ நாள்தோறும் விட்டால் மண் கரிக்கும். அதைமட்டும் செய்ய வேண்டாம். வடிதுணிக்கு ஒரு செம்பும் கயிறும் கிணற்றடியில் தொங்கட்டும். இறைத்தது கிணற்றிலிருந்து என்றால் தங்கியதும் கிணற்றுக்கே போகட்டும்.

குழு இன்னும் விடை சொல்லவில்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அளவுக் கருவி என் சட்டைப்பையில் இருக்கிறது. மாலை உணவு ஐந்து மணிக்கு. சூரியன் மறையுமுன் எல்லாம் முடிந்துவிடும். அதன்பின் கிணற்றடிக்கு வந்து தாங்களே அளந்து பார்க்க விரும்புவோர் வரலாம். பேத்தியும் வருகிறாள். கயிறும் செம்பும் அவள் கொண்டுவந்திருக்கிறாள்.